பர்தோலினோவில் ஒரு வாரம்: கார்தா ஏரிக்கரையில் நிதானமாக நடக்க விரும்புவோருக்கு ஒரு வழிகாட்டி

இத்தாலியின் ஏரிகளுள் பரப்பில் மிகப் பெரியது கார்தா ஏரி. ஏறத்தாழ 370 சதுர கிலோமீட்டர் பரந்து, வடக்கு தெற்காக 50 கிலோமீட்டருக்குச் சற்று மேல் நீண்டு, மிக ஆழமான இடத்தில் 346 மீட்டர் வரை இறங்கும் இந்த ஏரியின் வடபகுதியில் மலைகள் நீரை ஒட்டியே செங்குத்தாக எழுகின்றன. தென்பகுதியோ, பண்டைய பனியாறு தள்ளிக்கொண்டு வந்து விட்டுச் சென்ற கல்லும் மணலும் சேர்ந்த தாழ்ந்த குன்றுகளால் ஆனது. அந்தக் குன்றுகள் ஏரியைத் தொடும் கிழக்குக் கரையில், வெரோனா மாவட்டத்தில், பர்தோலினோ என்னும் சிற்றூர் இருக்கிறது. ஊரின் பெயரையே தாங்கிய சிவப்பு ஒயின் இங்கு விளைகிறது.

நடைப்பயண விடுமுறை என்றவுடன் முதுகில் மூட்டையும் நாளுக்கொரு விடுதியும் கொண்ட கடும் பயணத்தைப் பலர் கற்பனை செய்துகொள்கிறார்கள். பர்தோலினோவுக்கு அந்த முறை தேவையில்லை. இங்கு நடப்பதற்கு உகந்த முறை, ஒரே அறையில் வாரம் முழுவதும் தங்கி, ஒவ்வொரு நாளும் ஒரு திசையில் ஒரு வழி மட்டும் நடந்து, திரும்பும்போது படகிலோ பேருந்திலோ வருவதாகும். இந்த ஒரு கொள்கையைப் பிடித்துக்கொண்டால், நாளொன்றுக்கு ஐந்து கிலோமீட்டர் நடக்க முடிந்தவரும் பன்னிரண்டு கிலோமீட்டர் நடக்க முடிந்தவரும் ஒரே குழுவில் மனத்தாங்கலின்றிப் பயணம் செய்யலாம். கீழே உள்ளவை அந்தக் கொள்கையை நடைமுறைப்படுத்தும் படிகளாகும்.

முதற்படி: பருவத்தை முடிவு செய்யுங்கள்

ஏப்ரல் பிற்பகுதியிலிருந்து ஜூன் நடுப்பகுதி வரையும், செப்டம்பரிலிருந்து அக்டோபர் முதல் பாதி வரையும் நடப்பதற்குச் சிறந்த காலங்கள். ஜூலையிலும் ஆகஸ்டிலும் வெயிலைவிடக் கூட்டமே பெரிய தொல்லை. ஆகஸ்ட் 15 அன்று வரும் இத்தாலியத் தேசிய விடுமுறையை ஒட்டிய நாள்களில் ஏரிக்கரைச் சாலை நாள் முழுவதும் வாகன நெரிசலில் சிக்கிக் கிடக்கும். ஜெர்மனியிலிருந்தும் ஆஸ்திரியாவிலிருந்தும் காரில் வருவோர் இந்தக் கரையைத் தம் சொந்தக் கடற்கரையாகவே கருதுவதால், அவர்களின் ஈஸ்டர், பெந்தெகொஸ்தே விடுமுறை வாரங்களிலும் அறைகள் முன்கூட்டியே நிரம்பிவிடும். நவம்பர் முதல் மார்ச் வரை படகுகளின் எண்ணிக்கை வெகுவாகக் குறைந்துவிடும். ஆகவே நமது ஒருவழி நடை முறை அந்த மாதங்களில் சரிவராது.

எனக்குக் கேட்டால் செப்டம்பர் இறுதியைத்தான் சொல்வேன். கோடையின் வெப்பம் ஏரி நீரில் இன்னும் தங்கியிருக்கும், கொடிகளில் பழம் முற்றியிருக்கும், தோட்டங்களில் அறுவடை நடந்துகொண்டிருக்கும். செப்டம்பர் இறுதியிலோ அக்டோபர் தொடக்கத்திலோ ஊரின் திராட்சை, ஒயின் திருவிழாவும் வரும். அந்தச் சில நாள்களில் கரையோரம் முழுவதும் இசையும் கடைகளுமாக இருக்கும் என்பதால், அமைதி வேண்டுவோர் திருவிழாத் தேதிகளைப் பார்த்து அவற்றுக்கு முந்தைய வாரத்தைத் தேர்ந்தெடுக்கலாம்.

இரண்டாம் படி: பயணத் தாள்கள்

இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு, ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்குப் பொதுவான ஷெங்கன் குறுகிய கால விசா தேவை. பயணத் தேதிக்கு ஆறு மாதங்களுக்கு முன்பிருந்து விண்ணப்பிக்கலாம்; குறைந்தது 15 நாள்களுக்கு முன்பாவது விண்ணப்பித்தாக வேண்டும். ஆனால் நேர்காணல் தேதி கிடைப்பதற்கே வாரங்கள் ஆகக்கூடும் என்பதால், மூன்று மாத இடைவெளியை வைத்துக்கொள்வது நல்லது. குறைந்தது 30,000 யூரோ மருத்துவச் செலவை ஏற்கும் பயணக் காப்பீடு கட்டாயம். ஒரே விடுதியில் வாரம் முழுவதும் தங்கும் திட்டம் விண்ணப்பத்தையும் எளிதாக்குகிறது, ஏனெனில் தங்குமிடச் சான்றாக ஒரே ஒரு பதிவுச் சீட்டைக் காட்டினால் போதும்.

மூன்றாம் படி: கார் இல்லாமல் போய்ச் சேருங்கள்

பர்தோலினோவில் ரயில் நிலையம் இல்லை. மிலான், வெனிஸ் நகரங்களை இணைக்கும் ரயில் பாதையில் வரும் பெஸ்கியேரா தெல் கார்தா நிலையத்தில் இறங்கி, அங்கிருந்து வடக்கே ஏறத்தாழ 15 கிலோமீட்டர் பேருந்தில் வர வேண்டும். பேருந்துகள் ரயில் நிலையத்தின் அருகிலேயே நிற்கும். வெரோனாவின் போர்த்தா நுவோவா ரயில் நிலையத்திலிருந்தும் நேரடிப் பேருந்து உண்டு. அது சற்றுச் சுற்றி வந்தாலும் இடையில் மாறத் தேவையில்லை. வெரோனா நகருக்கு அருகிலேயே விமான நிலையம் இருக்கிறது. ஆயினும் தொலைதூரத்திலிருந்து வருவோருக்குப் பெரும்பாலும் மிலானிலோ வெனிஸிலோ இறங்கி ரயிலில் வருவதே வசதியாக அமையும்.

சீட்டு பற்றி ஒரு செய்தியை இங்கேயே சொல்லிவிட வேண்டும். இத்தாலியில் வட்டார ரயிலுக்குக் காகிதச் சீட்டு வாங்கினால், ஏறுவதற்கு முன் நடைமேடையில் உள்ள சிறு இயந்திரத்தில் அதைச் செருகித் தேதி முத்திரை பெற வேண்டும். பேருந்துக் காகிதச் சீட்டை ஏறியவுடன் உள்ளே இருக்கும் இயந்திரத்தில் பதிய வேண்டும். காசு கொடுத்து வாங்கிய சீட்டாக இருந்தாலும் முத்திரை இல்லாவிட்டால் அபராதம் விதிக்கப்படும்.

வாடகைக் காரை நான் பரிந்துரைக்கவில்லை. பழைய ஊர்ப் பகுதிகளுக்குள் வெளி வாகனங்களுக்குத் தடை, நிறுத்துமிடத்துக்குக் கட்டணம், ஒயின் சுவைத்த பின் ஓட்ட முடியாத நிலை ஆகியவை ஒருபுறம் இருக்க, காரை விட்ட இடத்துக்கே திரும்ப வேண்டியிருப்பதால் ஒருவழி நடை என்பதே இல்லாமல் போய்விடும்.

நான்காம் படி: சாலைக்கும் ஏரிக்கும் இடையில் அறை எடுங்கள்

கிழக்குக் கரை முழுவதும் ஓடும் கார்தெசானா நெடுஞ்சாலை பர்தோலினோவின் பழைய ஊருக்கும் பின்னால் உள்ள குன்றுகளுக்கும் நடுவே செல்கிறது. அந்தச் சாலைக்கு மேற்கே, அதாவது ஏரிப் பக்கத்தில், அறை எடுத்தால் படகுத்துறைக்கும் கரையோர நடைபாதைக்கும் சாலையைக் கடக்காமலே செல்லலாம். குன்றின் மேல் உள்ள விடுதிகளில் காட்சி அழகாக இருக்கும் என்பது உண்மைதான். எனினும் நாள் முழுவதும் நடந்துவிட்டு மாலையில் மீண்டும் ஏற்றம் ஏறுவது களைத்த கால்களுக்குக் கடினம். முதியவர்கள் உடன் வந்தால் இதில் தயக்கமே வேண்டாம்.

விடுதி வாடகையோடு, ஒருவருக்கு ஓர் இரவுக்கு இவ்வளவு என்று ஊராட்சி வசூலிக்கும் சுற்றுலா வரியும் உண்டு. இணையத்தில் முன்பதிவு செய்தபோது கட்டிய தொகையில் பெரும்பாலும் இது சேர்ந்திருக்காது. விடுதியிலேயே தனியாகக் கொடுக்க வேண்டியிருக்கும்.

ஐந்தாம் படி: முதல் நாள் வடக்கே, கார்தா ஊர் வரை

வந்து சேர்ந்த மறுநாள் காலையில் முதலில் பர்தோலினோவையே சுற்றிப் பாருங்கள். ஏரியை நோக்கி இறங்கும் ஒடுங்கிய தெருக்களும், துறைமுகத்திலிருந்து உள்ளே செல்லும் அகன்ற சதுக்கமும் சேர்ந்ததுதான் பழைய ஊர். நெடுஞ்சாலை ஓரத்தில் நிற்கும் சான் செவேரோ கோயிலைப் பலர் பேருந்திலிருந்து பார்த்துவிட்டுக் கடந்து போகிறார்கள். உள்ளே சென்றால் சுவர்களில் இடைக்கால ஓவியங்கள் மங்கிய சிவப்பிலும் மஞ்சளிலும் வரிசையாகத் தெரியும். சான் சேனோ இன்னும் பழமையானது. 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த மிகச் சிறிய கற்கோயில் அது. வீடுகள் சூழ்ந்த முற்றத்துக்குள் ஒளிந்திருப்பதால் வழிகேட்டுத்தான் போக வேண்டும். இரண்டையும் பார்க்க ஒரு மணி நேரம் போதும்; ஆனால் அவசரப்படாதீர்கள்.

பிறகு ஏரியை இடப்பக்கமாக வைத்துக்கொண்டு வடக்கே நடங்கள். ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர், முற்றிலும் சமதளம், வாகனங்கள் இல்லை, வழியெங்கும் இருக்கைகள். குழந்தை வண்டியோடும் சக்கர நாற்காலியோடும் செல்பவர்களைக்கூட இங்கே காணலாம். நீண்ட விமானப் பயணத்துக்குப் பிறகு உடலைப் பழக்க இதைவிட நல்ல வழி இல்லை. கார்தா ஊரில் படகுத்துறைக்குப் போய் அன்றைய நேர அட்டவணையைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வாரம் முழுவதும் அந்த அட்டவணையைப் பார்த்த பிறகே நடையைத் திட்டமிட வேண்டும். கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்பதை அறிந்து, அதற்கு முந்தைய படகைக் குறிவைத்துக் கிளம்புவதே பாதுகாப்பானது. சில படகுகள் விரைவுப் படகுகள். அவற்றுக்குக் கூடுதல் கட்டணம் உண்டு.

ஆறாம் படி: தெற்கே, லாட்சீசே வரை

இரண்டாம் நாள் எதிர்த் திசை. பர்தோலினோவிலிருந்து ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டரில் சிசானோ என்னும் சிற்றூர் வரும். அங்கே ஆலிவ் எண்ணெய் அருங்காட்சியகம் இருக்கிறது. பழைய செக்குகளும் அழுத்துப் பொறிகளும் வரிசையாக வைக்கப்பட்டுள்ளன. ஆலிவ் மரம் வழக்கமாக மத்தியதரைக் கடலின் வெப்பக் கரைகளுக்கு உரியது. இவ்வளவு வடக்கே, ஆல்ப்ஸ் மலையடிவாரத்தில் அது செழிப்பதற்குக் காரணம் இந்த ஏரிதான். கோடையில் வெப்பத்தை வாங்கிவைத்துக்கொள்ளும் ஆழமான நீர், குளிர்காலத்தில் அதை மெல்ல வெளிவிட்டுக் கரையைக் கடும் உறைபனியிலிருந்து காக்கிறது. கரையோரத்தில் நீங்கள் காணும் ஆலிவ், சைப்ரஸ், எலுமிச்சை எல்லாமே இந்த நீரின் தயவில் வளர்பவை.

சிசானோவிலிருந்து இன்னும் மூன்று கிலோமீட்டர் நடந்தால் லாட்சீசே. மதில் சூழ்ந்த ஊர் அது. வெரோனாவை ஆண்ட ஸ்கலா மரபினரின் கோட்டை ஒரு பக்கம், வெனிஸ் குடியரசு காலத்துச் சுங்கக் கட்டடம் துறைமுகத்தின் ஓரத்தில், அதன் அருகிலேயே சிறிய சான் நிக்கோலோ கோயில். புதன்கிழமை இங்கு வாரச் சந்தை கூடும். பர்தோலினோவில் வியாழன், கார்தா ஊரில் வெள்ளி. சந்தை நாளில் காலையிலேயே சென்றால் பழமும் பாலாடைக்கட்டியும் வாங்கிக் கரையில் அமர்ந்து உண்ணலாம். திரும்புவதற்குப் படகு ஏறுங்கள். காலையில் நடந்த கரையை நீரின் மேலிருந்து பார்க்கும்போதுதான், பின்னால் எழும் குன்றுகளும் அவற்றின் மேல் ஏறிச் செல்லும் திராட்சை வரிசைகளும் முழுமையாகத் தெரியும்.

ஏழாம் படி: ரொக்கா குன்று ஏறுதல்

பர்தோலினோவுக்கும் கார்தா ஊருக்கும் நடுவே, மேல்பகுதி வெட்டிவிட்டாற்போல் தட்டையாக நிற்கும் குன்றுதான் ரொக்கா. உயரம் கடல்மட்டத்திலிருந்து 294 மீட்டர். ஏரியே 65 மீட்டர் உயரத்தில் இருப்பதால் உண்மையில் ஏற வேண்டியது 230 மீட்டர் அளவுதான். கார்தா ஊர்க் கோயிலின் பக்கத்திலிருந்து படிகளும் காட்டுப் பாதையுமாக மேலே செல்லலாம். நிதானமாக ஏறினால் ஒரு மணி நேரம். மேலே இரண்டு குன்றுகளுக்கு நடுவே ஒரு கணவாய் வரும். ஒரு பக்கம் ரொக்கா, மறுபக்கம் கமால்தோலி என்னும் கிறித்தவத் துறவற சபையின் மடம். 17ஆம் நூற்றாண்டில் நிறுவப்பட்ட அந்த மடத்தில் இன்றும் துறவிகள் மௌனத்தைக் கடைப்பிடித்து வாழ்கிறார்கள். ஆதலால் அருகே செல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொள்ள வேண்டும்.

ரொக்காவின் உச்சியில் இடைக்காலக் கோட்டை ஒன்று இருந்தது. கணவனை இழந்த இளம் அரசி அதெலைதேயை, 951இல் இரண்டாம் பெரெங்கார் மன்னன் இங்கே சிறைவைத்தான் என்பது மரபு. அவள் தப்பிச் சென்று, பின்னர் புனித ரோமப் பேரரசனான முதலாம் ஓட்டோவை மணந்தாள். கோட்டையில் இன்று கற்குவியல்களும் சுவர்த் துண்டுகளுமே எஞ்சியுள்ளன. ஆனால் விளிம்பிலிருந்து பார்த்தால் ஒரு பக்கம் பர்தோலினோவும் மறுபக்கம் கார்தா வளைகுடாவும் காலடியில் விரியும். விளிம்பில் தடுப்பு இல்லாத இடங்கள் உண்டு. குழந்தைகளின் கையை விடாதீர்கள்.

இந்த நடைக்குக் காலை நேரமே ஏற்றது. நாம் இருப்பது கிழக்குக் கரை. காலையில் கதிரவன் குன்றுகளுக்குப் பின்னால் இருக்கும். பிற்பகலிலோ ஏரியின் மேலிருந்து நேராக முகத்தில் அடிக்கும். செருப்பு வேண்டாம்; பிடிமானமுள்ள காலணி போதும், கனமான மலையேற்றக் காலணி தேவையில்லை. காட்டுப் பாதையில் உண்ணிகள் இருப்பதால் கால்களை முழுவதும் மூடும் உடை அணிந்து, அறைக்குத் திரும்பியதும் முழங்கால் மடிப்பையும் கணுக்காலையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

எட்டாம் படி: நீண்ட நடை வேண்டுவோருக்கு, தோர்ரி வரை

கால்கள் பழகியபின், வாரத்தின் நடுவில் இதை வைத்துக்கொள்ளலாம். கார்தா ஊரிலிருந்து கரையோரமாக வடமேற்கே ஏறத்தாழ மூன்று கிலோமீட்டரில், சைப்ரஸ் மரங்கள் வரிசையாக நிற்கும் சான் விஜிலியோ முனை வருகிறது. 16ஆம் நூற்றாண்டு மாளிகை ஒன்றும், குட்டித் துறைமுகமும், ஆலிவ் நிழலில் கட்டணம் வாங்கும் குளியல் கரை ஒன்றும் அங்கே உள்ளன. இந்த ஏரிக்கரையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். நீண்ட நடையில் விருப்பம் இல்லாதவர்கள் இங்கேயே நாளைக் கழித்துவிட்டு வந்த வழியே திரும்பினாலும் குறையேதும் இல்லை.

மேலே செல்பவர்கள் சாலையைக் கடந்து லுப்பியா மலையின் சரிவில் ஏற வேண்டும். பனியாறு வழவழப்பாக்கிய பாறைகளின் மேல் குதிரைவீரர்கள், ஈட்டிகள், பாய்மரக் கப்பல்கள் ஆகியவற்றின் உருவங்கள் செதுக்கப்பட்டுள்ளன. எல்லாம் ஒரே காலத்தவை அல்ல. தலைமுறை தலைமுறையாக ஆடு மேய்த்தவர்களும் வழிப்போக்கர்களும் சேர்த்துக்கொண்டே போயிருக்கிறார்கள். பாறைகளின் மேல் காலணியோடு ஏறக் கூடாது, உருவங்களைக் கல்லாலோ சுண்ணக்கட்டியாலோ தீட்டிப் பார்க்கவும் கூடாது. அங்கிருந்து ஆலிவ் தோப்புகள் வழியே தோர்ரி தெல் பெனாக்கோவுக்கு இறங்கலாம். அந்த ஊரின் கோட்டை அருங்காட்சியகத்தில் இப்பாறைச் செதுக்கல்களுக்கெனத் தனிப் பகுதி இருக்கிறது. நடந்து பார்த்தபின் அங்கு செல்வதுதான் சரியான வரிசை. கோட்டைச் சுவரை ஒட்டி, குளிர்காலத்தில் மூடி வைக்கப்படும் பழைய எலுமிச்சைத் தோட்டமும் உண்டு. தோர்ரியிலிருந்து படகிலோ பேருந்திலோ பர்தோலினோ திரும்பலாம்.

ஒன்பதாம் படி: திராட்சைத் தோட்டங்களுக்குள்

ஒரு நாளையாவது ஏரிக்கு முதுகு காட்டி உள்நாட்டுப் பக்கம் நடக்கச் செலவிடுங்கள். பர்தோலினோவின் கிழக்கே, கல்மசீனோ நோக்கிச் செல்லும் சிறு சாலைகளின் இருபுறமும் திராட்சைதான். சில தோட்டங்களில் கொடிகள் இன்னும் வெரோனா முறைப்படி பந்தலில் ஏற்றப்பட்டுள்ளன; புதிய தோட்டங்களில் கம்பி வரிசைகளைக் காணலாம். தோட்டப் பாதைகளில் நடக்கலாம் என்றாலும், வரிசைகளுக்குள் நுழைவதும் பழம் பறிப்பதும் கூடாது. அந்தக் குலைகள் ஒரு குடும்பத்தின் ஆண்டு வருமானம்.

இங்கு விளையும் ஒயினில் முதன்மையானது கொர்வீனா என்னும் கறுப்புத் திராட்சை. அதனோடு ரொந்தினெல்லாவும் சேர்க்கப்படுகிறது. பனியாறு விட்டுச்சென்ற கூழாங்கல்லும் மணலும் கலந்த மண்ணில் விளைவதால் ஒயின் கனமின்றி, நிறம் வெளிர்ந்து, செர்ரிப் பழ மணத்தோடு இருக்கும். 1968இல் இதற்குப் பிறப்பிடத் தரச்சான்று கிடைத்தது. ஓராண்டாவது முதிரவைத்து விற்கப்படும் சுப்பீரியோரே வகைக்கு 2001இல் அதனினும் உயர்ந்த சான்று வழங்கப்பட்டது. புட்டியில் கிளாசிகோ என்று இருந்தால், பர்தோலினோ, கார்தா, லாட்சீசே உள்ளிட்ட பழைய மையப் பகுதியில் விளைந்தது என்று பொருள். கியாரெத்தோ என்பது இதே திராட்சையின் இளஞ்சிவப்பு வடிவம்: தோலோடு சாறு சிறிது நேரம் மட்டுமே கிடப்பதால் நிறம் மெல்லியதாக நின்றுவிடுகிறது.

ஊருக்கு மேலே, சேனி குடும்ப ஒயின் கூடத்தில் ஓர் ஒயின் அருங்காட்சியகம் இருக்கிறது. புதிதாகக் கற்றுக்கொள்பவர்கள் அங்கே தொடங்கலாம். சுவைக்கும்போது எல்லாக் கிண்ணங்களையும் குடித்து முடிக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. மேசையில் உள்ள பாத்திரத்தில் மீதியை ஊற்றுவதை எவரும் தவறாக எண்ணுவதில்லை. மது அருந்தாதவர்கள் இந்த ஊர் தமக்குரியதல்ல என்று நினைக்க வேண்டாம். தோட்டம் நிலத்தோடும் நீரோடும் எப்படிப் பொருந்தி வளர்கிறது என்பதைப் பார்ப்பதற்குக் கிண்ணம் தேவையில்லை. சிசானோவின் ஆலிவ் எண்ணெயை ரொட்டியில் தொட்டுச் சுவைப்பதும் அதே மண்ணை அறியும் வழிதான்.

பத்தாம் படி: உணவு நேரம்

இத்தாலியச் சிற்றூரில் பசிக்கும் நேரத்தில் உணவு கிடைக்காது. உணவு நேரத்தில்தான் பசிக்க வேண்டும். மதிய உணவு 12 மணியிலிருந்து ஏறத்தாழ 2 மணி வரை, இரவு உணவு 7 மணிக்குப் பின். இடையில் பல சமையற்கூடங்கள் மூடப்பட்டிருக்கும். பையில் எப்போதும் ரொட்டியும் பழமும் இருக்கட்டும். குழாய் நீர் குடிக்கத் தகுந்தது. பொது நீரூற்றில் குடிக்கத் தகாத நீர் என்ற அறிவிப்பு இல்லாவிட்டால் புட்டியை நிரப்பிக்கொள்ளலாம். கணக்குச் சீட்டில் கொப்பேர்த்தோ என்று ஆளுக்கு ஓரிரு யூரோ இருந்தால் அது மேசைக் கட்டணம், ஏமாற்று அல்ல.

மீன் உண்பவர்களுக்கு ஏரி மீன்கள் உண்டு. பிகொலி என்ற தடித்த நூடுல்ஸ் போன்ற பாஸ்தாவை ஏரி மத்தி மீனோடு சமைப்பது இப்பகுதி வழக்கம். சைவ உணவினர் பூசணி அடைத்த தோர்த்தெல்லி என்னும் பாஸ்தா, காளானோடு பரிமாறும் பொலெந்தா என்னும் மக்காச்சோளக் களி, கத்தரிக்காய் உணவுகள் ஆகியவற்றைக் கேட்கலாம். ரிசோத்தோ என்னும் அரிசி உணவைக் கேட்கும்போது இறைச்சி வடிசாறு சேர்த்திருக்கிறதா என்று விசாரிக்க வேண்டும். பார்மிஜானோ, கிரானா பதானோ ஆகிய பாலாடைக்கட்டிகள் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கப்படும் உறைபொருளால் செய்யப்படுபவை. கண்டிப்பான சைவர்கள் அவற்றைத் தூவ வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடலாம்.

புறப்படும் நாள்

அவசர உதவிக்கு எண் 112. பச்சைச் சிலுவை விளக்கு எரியும் கடை மருந்தகம். இவ்விரண்டையும் முதல் நாளே குழுவினர் அனைவருக்கும் சொல்லி வையுங்கள். வாங்கிய ஒயினையும் எண்ணெயையும் துணிகளுக்கு நடுவே சுற்றிப் பெரிய பெட்டியில் வைக்க வேண்டும். பல விமான நிலையங்களில் கைப்பையில் 100 மில்லிலிட்டருக்கு மேற்பட்ட புட்டியில் திரவம் அனுமதிக்கப்படாது. இந்தியா திரும்புவோர் ஒருவருக்கு 2 லிட்டர் வரை மதுவை வரியின்றிக் கொண்டுவரலாம். ரயிலுக்கு நேரம் மிகுந்திருந்தால் பெஸ்கியேராவில் சற்றுத் தங்குங்கள்: ஏரி நீர் மின்சியோ ஆறாக வெளியேறும் அந்த ஊரில், நீரால் சூழப்பட்ட வெனிஸ் குடியரசு காலத்துக் கோட்டை மதில்கள் 2017இல் யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் சேர்க்கப்பட்டன. நிலையத்திலிருந்து மதில் வரை பத்து நிமிட நடைதான்.